வாசப்படி, பெட்டி, சுவர்: சேர்வராயன் மலையில் தொலைக்காட்சி குறித்துச் சில குறிப்புகள்

1

போன தை மாதம் வாழவந்தியில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு தட்டை டிவி வாங்கிக் கொடுத்தேன். 24 இன்ச், தவணைக் கடன். சேலத்துக் கடையிலிருந்து அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். மறுநாள் மாட்டிக் கொடுக்க ஒரு தம்பி வந்தார். டிரில் மிஷினை வைத்து அழுத்தியதும் சுவர் பொலபொலவென்று கொட்டியது. வேறொரு இடத்தில் போட்டார். அங்கேயும் அதே கதைதான். "இது தொகுப்பு வீடுங்களா அக்கா? இந்தச் சுவரு ஸ்க்ரூவைத் தாங்காதுக்கா, ரெண்டு மாசத்துல டிவியோட கீழ வந்துரும்" என்று சொல்லிவிட்டு மிஷினைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. மூலையில் பூ போட்ட துணி மூடிக் கிடந்த பழைய 14 இன்ச் பெட்டியை நடுவே இழுத்து வைத்தார். அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் புது டிவி. படம் வராத அந்தப் பெட்டியை எங்கள் பக்கம் இன்னமும் 'கலைஞர் டிவி' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு சானல் இருப்பது வேறு விஷயம். ஐந்தாறு வருஷமாகச் செத்துக் கிடக்கும் அதைத் தூக்கிப் போட அம்மா சம்மதிக்கவில்லை. பழைய இரும்புக்காரருக்கும் அதன் செம்புச் சுருள்தான் வேண்டும். ஈயம் கலந்த கண்ணாடிக் குழாயை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது.

ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் இந்த இரண்டு டிவிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தொலைக்காட்சி பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றியே இருந்திருக்கிறது. நெடுந்தொடர், விளம்பரம், சினிமா, கருத்தியல், நுகர்வு மனோபாவம் எல்லாம் சரி. ஆனால் பெட்டி எந்த வீட்டில் இருந்தது, பார்த்தவர்கள் எங்கே நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரக் கூடாது என்பதையும் வரலாறாக எழுத முடியும். எனக்குத் தெரிந்த ஒரு மலையை வைத்து அதைத்தான் இங்கே முயன்று பார்க்கிறேன்.

2

அதிகாரபூர்வ வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குப் பொது டிவி போனது. உழவு, சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு என்று கிராமத்தானை உட்கார வைத்துப் பாடம் நடத்திய அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு இல்லை. நமக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இரண்டே மாதத்தில், சென்னை தூர்தர்ஷன் வந்தது. வண்ணம் 1982இல் வந்தது. சன் டிவி 1993 ஏப்ரல் 14இல்.

மலைக்கு இந்தத் தேதிகள் எதுவும் பொருந்தாது. ஏற்காடு மலையின் காலக்கணக்கு எஸ்டேட்டின் காலக்கணக்கு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பதை ஒவ்வொரு சுற்றுலாப் பிரசுரமும் பெருமையாகச் சொல்லும். அதற்கு முன்பிருந்தே இங்கே இருந்த மலையாளி மக்களை, அதாவது மலையை ஆள்பவர் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட எங்களை, அந்தப் பிரசுரங்களில் படங்களாக மட்டும் பார்க்கலாம். காப்பிக்குப் பிறகு நிலத்தின் பெரும்பகுதி துரைமார் கைக்கும், பிறகு துரைமாரிடம் வாங்கியவர்கள் கைக்கும் போனது. மலையில் எது வந்தாலும் முதலில் பங்களாவுக்கு வரும். மின்சாரம், போன், ஜீப் எல்லாம் அப்படித்தான். டிவியும் அப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல பத்தாண்டுகள் இந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டிப் போனது. அங்கே உருக்கிய அலுமினியம் எந்தெந்த ஊருக்குப் போனதோ. மலைக்கு அலுமினியம் திரும்பி வந்த ஒரு வடிவம், பங்களாக் கூரைமேல் மீன்முள் மாதிரி நின்ற ஆன்டெனா. கீழிருந்து ஒருவர் "தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கத்த, கூரைமேல் இருக்கிற ஆள் கம்பத்தைத் திருப்புவார். காற்றடித்தால், மூடுபனி இறங்கினால், மறுபடி ஏற வேண்டும். ஏறித் திருப்பியவர் எங்கள் ஆள்தான். படம் தெளிந்ததும் இறங்கி வந்து அவர் நிற்கும் இடம் வாசப்படிக்கு வெளியே.

3

நான் டிவி பார்க்கத் தொடங்கியது 1990களின் கடைசியில். எஸ்டேட் ரைட்டர் வீட்டில் மரக்கதவு வைத்த பெரிய பெட்டி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது சன்னல். சன்னலில் இரண்டு கம்பி எனக்கு, இரண்டு கம்பி என் அண்ணனுக்கு. பாட்டு நடக்கும்போது உள்ளே யாராவது குறுக்கே வந்து நின்றால் எங்களுக்குப் படம் போய்விடும், நகரச் சொல்ல முடியாது. படம் முடிவதற்குள் அவர்களுக்குத் தூக்கம் வந்தால் சன்னலைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் முழுசாகப் பார்த்த படங்கள் குறைவு. பல படங்களின் முடிவை நாங்களாகவே கட்டிச் சொல்லிக்கொண்டு இருட்டில் நடந்து வருவோம்.

பார்த்ததற்கு விலையும் உண்டு. மறுநாள் ரைட்டரம்மா விறகு கொண்டுவரச் சொன்னால் மறுக்க முடியாது. தண்ணீர் தூக்கச் சொன்னால் அதற்கும் இதே விதிதான். கூலி கிடையாது. "ராத்திரி படம் பாத்தீங்கல்ல" என்பார்கள். பழைய அடிமை உறவு ஒரு புது எந்திரம் வழியாகப் புதுப்பிக்கப்பட்டது. 'பொழுதுபோக்கு' என்று நாம் சொல்வது எங்களுக்கு ஒருவகைக் கடன்.

எனக்கு வசதியில்லாத ஒன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா ஒரு கருப்பு-வெள்ளை போர்ட்டபிள் டிவி வாங்கினார். அதற்குப் பிறகு நான் சன்னலில் நிற்கவில்லை. பெரியப்பா வீட்டுக்குள், பாயில். வாசப்படிக்கு வெளியே நின்றவர்கள் லயன் வீட்டுப் பிள்ளைகள், கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த தலித் குடும்பங்களின் பிள்ளைகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக்கொள்ளும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909லேயே எழுதி வைத்திருக்கிறார். பட்டியலில் பழங்குடி, பேச்சில் வேளாளர். ரைட்டர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்தோம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் வகுப்புத் தோழி. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். அது எனக்கு அப்போது உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, மலையில் டிவி பார்ப்பதென்பது ஒரு வரிசைமுறை. பங்களா, ரைட்டர் வீடு, ஊர், லயன். ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலில் நின்றோம். 'பொதுவெளி' என்ற சொல்லை நாம் வெகு சுலபமாகப் பயன்படுத்துகிறோம். இந்த ஊரில் கூடிப் பார்த்த காலம் பொற்காலம், தனித்தனியே பார்ப்பது சீரழிவு என்று ஏங்குகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் தாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொன்னது? 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 13ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வசதி செய்து தரும்படி தோட்ட முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது அது. காப்பித் தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். அதாவது தொழிலாளி பொழுதுபோக்கை முதலாளியிடம் கேட்டு வாங்கலாம் என்ற எண்ணத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. எங்கள் மலையில் யாரும் அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எங்களுக்குத் தெரிந்த பொழுதுபோக்கு வசதி ரைட்டர் வீட்டுச் சன்னல்தான்.

4

2006 சட்டமன்றத் தேர்தலில், வண்ணத் தொலைக்காட்சி இல்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று தருவோம் என்று தி.மு.க. தேர்தல் அறிக்கை சொன்னது. வீட்டிலிருக்கும் பெண்களுக்கு, அதிலும் கிராமப்புறப் பெண்களுக்கு, பொழுதுபோக்கும் பொது அறிவும் தருவதே நோக்கம் என்று காரணமும் சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் முதல் பட்ஜெட்டில் 750 கோடி ஒதுக்கப்பட்டது. எல்காட் வழியாகக் கொள்முதல் நடந்தது. 2006 செப்டம்பர் 15, 17 தேதிகளில் முதல் கட்டமாகச் சுமார் 30,000 பெட்டிகள். ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

உலகச் சந்தை அப்போது எங்கே இருந்தது? 2007ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் எல்சிடி டிவி விற்பனை உலக அளவில் பிக்சர் டியூப் டிவியை முந்திவிட்டது. அதாவது உலகம் கைவிட்டுக்கொண்டிருந்த பொருளைத்தான் நம் அரசு கோடிக்கணக்கில் வாங்கியது. பணக்கார நாடுகளின் வரவேற்பறைகள் தட்டைத் திரைக்கு மாறிய அதே வருஷங்களில் எங்கள் தொகுப்பு வீடுகளுக்குள் பெட்டி நுழைந்தது.

விமர்சனம் பலமாகவே இருந்தது. பெட்டி இலவசம், கேபிளுக்குக் காசு. அந்தக் காசு போகும் இடங்களில் ஒன்று முதல்வரின் உறவினருடைய தொலைக்காட்சிக் குழுமம். 2007இல் குடும்பத்துக்குள் பிளவு வந்ததும் கலைஞர் டிவி பிறந்தது, அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது, 2011இல் ஆட்சி மாறியதும் அதே அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு மறுபிறவி எடுத்தது. பெட்டிக்குப் பதில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. இவையெல்லாம் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை.

'வீட்டிலிருக்கும் பெண்' என்ற சொல்லாடலையும் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும்தான். என் அம்மா வீட்டிலிருக்கும் பெண் அல்ல. காலையில் காப்பிப் பழம் பறிக்கப் போனால் சாயங்காலம் எடை போட்டு முடித்துத்தான் வருவார். பட்டியலில் 'தொழிலாளி'யாக இருந்திருக்க வேண்டியவரை 'இல்லத்தரசி' என்று பெயர் மாற்றித்தான் அந்தப் பெட்டி வந்தது. 1951இல் முதலாளியிடம் கேட்டிருக்கக் கூடிய ஒன்று 2006இல் தலைவரின் பரிசாக மாறியது. முதலாளி தப்பித்துக்கொண்டார், நன்றி மட்டும் கட்சிக்குப் போனது.

5

இதையெல்லாம் நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன். 2013 ஜூலை 5 அன்று சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இலவச டிவியை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு அது. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்ற நீதிமன்றம், ஆனாலும் இலவசங்கள் நேர்மையான தேர்தலின் அடித்தளத்தையே அசைக்கின்றன என்று கவலைப்பட்டு, அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 4ஆம் தேதி, எங்கள் ஏற்காடு தனித் தொகுதியில் இடைத்தேர்தல். தமிழ்நாட்டில் முதல்முதலாக 'நோட்டா' பொத்தான் வைக்கப்பட்ட தேர்தல். கட்சிகளின் கார்கள் மலையெங்கும் அலைந்தன. நான் அப்போது எம்.ஏ. தமிழ் மாணவி. சேலத்தில் நண்பர்கள் கூட்டிய ஒரு சிறு கூட்டத்தில், இலவசம் மக்களைப் பார்வையாளர்களாக, பிச்சைக்காரர்களாக மாற்றிவிட்டது என்று பேசினேன். அல்தூசரை மேற்கோள் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது.

ஊருக்குப் போனபோது அம்மாவிடமும் அதையே சொன்னேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏன் பாப்பா, அது வரலைன்னா நீ யாரு வூட்டு சன்னல்ல நின்னிருப்ப? அந்தப் பொட்டி வந்த அன்னிக்கித்தான் நான் ரைட்டரம்மா வூட்டுக்கு வெறகு கொண்டுபோறதை நிறுத்துனேன். அது ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. 2009இல் பெட்டி வந்தபோது நான் ப்ளஸ் டூ. அதை மேசைமேல் வைத்து, சிவப்பு வெள்ளை மஞ்சள் ஒயர்களைச் செருகி, சானல் தேடியதெல்லாம் நினைவிருக்கிறது. விறகு நின்றது நினைவில் இல்லை. அதே மாதம் லயன் வீடுகளுக்கும் பெட்டி வந்தது. ரேஷன் கார்டு ஒன்றுக்கு ஒன்று. பங்களாவைச் சுற்றி வரவில்லை, ரைட்டரைக் கேட்டு வரவில்லை. அந்த வருஷத்திலிருந்து பெரியப்பா வீட்டு வாசப்படியில் யாரும் நிற்கவில்லை. சாதி போய்விட்டது என்று சொல்லவில்லை. ஒருவர் வாசலில் இன்னொருவர் நிற்க வேண்டிய ஒரு காரணம் போனது. என் மேடைப் பேச்சு 'பார்வையாளர்' என்ற ஒற்றைச் சொல்லில் உள்ளே உட்கார்ந்து பார்த்தவரையும் வெளியே நின்று பார்த்தவரையும் ஒன்றாக்கியிருந்தது. சன்னலில் நின்றவள் நானேதான் என்றாலும், கோட்பாடு படித்ததும் அந்த இரண்டு கம்பிகள் எனக்கு மறந்துபோய்விட்டன.

2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை 'ரேவ்டி' என்று கேலி செய்தார். அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் பாலாஜி தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யலாமா என்று பார்க்க மூன்று நீதிபதி அமர்வுக்கு அனுப்பியது. நம் தோழர்கள் சிலரும் அந்தக் கேலியை வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் டிவி பார்க்கப் போன வீட்டில் விறகு சுமந்தவர்கள் இல்லை.

6

அப்படியானால் இலவசத்தைக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாமா? முடியாது. அந்த ஐந்து வருஷத்தில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது எது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

வன உரிமைச் சட்டம் 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2008 ஜனவரி 1இல் விதிகள் வந்தன. காட்டு நிலத்தில் தலைமுறைகளாக உழுபவருக்குக் கிராம சபை வழியாக உரிமைப் பட்டயம் தர வேண்டும். 2008லேயே சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் பட்டயம் வழங்க முடியாது என்றாகிவிட்டது. அந்தத் தடை 2016இல்தான் விலகியது. எட்டு வருஷம் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்கவில்லை.

இரண்டும் ஒரே காலம். ஒன்றரைக் கோடிப் பெட்டிகளை எல்லாக் குக்கிராமத்துக்கும் லாரியிலும் ஜீப்பிலும் தலைச்சுமையாகவும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த அதே அரசு எந்திரத்துக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. நீதிமன்றம் தடுத்தது என்று சொல்லலாம். டிவிக்கும் வழக்கு இருந்தது, அது நிற்கவில்லை. மலைவாசியைப் பார்வையாளராக்க அரசுக்குத் தயக்கமில்லை, நிலத்துக்கு உடைமையாளராக்கத்தான் ஆயிரம் தயக்கம். எங்கள் மிளகுக் கொடி ஏறியிருக்கும் துண்டு நிலத்துக்கு அப்பா மனு எழுதிக் கொடுத்தார். அந்த மனு ஓர் அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கிறதோ. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசப்படியை உடைத்ததற்காகப் பெட்டியை மதிக்கிறேன். பட்டயத்தின் இடத்தில் பெட்டியை வைத்ததற்காக அதைத் தந்த அரசியலை மன்னிக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் ஒரு விமர்சன மொழி நமக்கு இன்னும் கைவரவில்லை.

7

இனி மேலே இருக்கும் டிவிக்கு வருவோம்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதிய தொலைக்காட்சி பற்றிய நூலில் ஒரு கருத்து உண்டு. நவீன தொழில் சமூகம் மனிதரை ஊர் விட்டு ஊர் நகர வைக்கிறது, அதே சமயம் ஒவ்வொருவரையும் தன் வீட்டுக்குள் ஒதுங்க வைக்கிறது, இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில்தான் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் வந்து உட்கார்ந்தன என்பார். வேல்ஸின் எல்லைக் கிராமத்தில் ரயில்வே சிக்னல்காரரின் மகனாகப் பிறந்தவருக்கு அது புரிந்ததில் ஆச்சரியமில்லை. அண்ணன் திருப்பூரில், நான் சேலத்தில், அம்மா மலையில். நான் வாங்கிய டிவி ஒருவகையில் நான் அங்கே இல்லாததற்கான ஈடு.

இதை யாரும் தரவில்லை, நான்தான் வாங்கினேன். 32 இன்ச் வரைக்கும் 18 சதவீத வரி என்று 2019 ஜனவரியில் ஆக்கினார்கள், அதற்கு மேல் போனால் 28 சதவீதம். 2025 செப்டம்பரில் எல்லா அளவுக்கும் 18 என்று ஆகிவிட்டது. சின்னத் திரைக்காரர்களுக்கு இருந்த அந்தச் சிறு சலுகைக் கோடும் அழிந்தது. உரிமையாக வந்திருக்க வேண்டியது பரிசாக வந்து, இப்போது மாதத் தவணையாக வந்திருக்கிறது. தவணை தவறினால் போனில் பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. ரைட்டரம்மாவுக்கு முகமாவது இருந்தது.

செட் செய்ததில் இன்னொரு சங்கடம். அரசு கேபிள் பாக்ஸில் ஒரு பழைய கருப்பு-வெள்ளைப் படம் ஓடியது. சதுரத்துக்குப் பக்கமான படத்தை அகலத் திரை இழுத்துக் காட்டியதால் முகமெல்லாம் உப்பியிருந்தது.

"இவங்க ஏன் பாப்பா இப்படி ஊதிப்போயிட்டாங்க?"

ரிமோட்டில் தேடிப் பிடித்து 4:3 என்று மாற்றினேன். முகங்கள் சரியாகின. இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழுந்தது.

"இதுக்கா இவ்ளோ காசு குடுத்த? ரெண்டு பக்கமும் வெறுமையாக் கெடக்குது. பழையபடியே வையி."

பழையபடியே வைத்தேன். அம்மாவுக்கு முழுத்திரையும் வேண்டும். ஒரு கம்பிகூட விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து லயனிலிருந்து என் பழைய வகுப்புத் தோழி புது டிவி பார்க்க வந்தாள். வாசலில் செருப்பை விட்டவள் உள்ளே வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா எதுவும் சொல்லவில்லை, காப்பி போடப் போனார். எந்தத் தம்ளரில் கொடுக்கப் போகிறார் என்று நான் கவனித்தேன். எங்கள் தம்ளரில்தான் கொடுத்தார். இதற்குப் பெட்டி காரணமா, அவள் இப்போது அங்கன்வாடியில் வேலை பார்ப்பது காரணமா, அம்மாவுக்கு வயதாகித் தனியாக இருப்பது காரணமா? ஒற்றைக் காரணம் தேடுவது நம் வியாதி.

அவள்தான் கேட்டாள்: "சுவத்துல மாட்டலையா?" சுவர் தாங்காது என்றேன். "எங்களதும் அதே சுவருதான்" என்றாள். லயனில் சுவரைச் சரிசெய்ய எஸ்டேட்டைக் கேட்க வேண்டும், கேட்டால் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம். அடுத்த கிராம சபையில் வன உரிமை மனுக்களின் நிலை என்ன என்று எழுத்தில் கேட்பது என்று நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். லயன் வீடுகளின் கதையையும் அதோடு சேர்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். பேசிப் பார்க்க வேண்டும்.